குரைக்காது என்று எழுதிக்கொடுக்காதீர்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், முதல் மாடியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு குட்டியை எடுத்துவந்து மூன்று வருடங்களாகப் பிள்ளைபோல் வளர்க்கிறோம். காலை ஒன்பது மணிக்கு பால்கனியில் கட்டிவிட்டுப் போனால் மாலை ஏழு மணிக்குத்தான் திரும்புவோம். கீழ் வீட்டுப் பெரியவர், நாய் குரைக்கிறது என்று ஒரு வருடமாகச் சண்டை பிடிக்கிறார். அவர் பேரன் மிருதங்கம் அடிப்பதை நாங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. என் கணவரை எல்லோர் முன்னிலையிலும் கேவலமாகத் திட்டினார். மருந்து வைத்துவிடுவேன் என்று ஒருமுறை மிரட்டினார். சங்கத்தில் சொல்லி, யாரும் நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட வைத்தார். சென்ற மாதம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அங்கே என்னிடம், 'இனி என் நாய் குரைத்துத் தொந்தரவு வராது, வந்தால் நாயை அப்புறப்படுத்திவிடுகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். போலீசில் எழுதிக்கொடுத்தது கோர்ட்டில் செல்லாது என்று என் தம்பி சொல்கிறான். இப்போது பதினைந்து நாட்களில் நாயை வெளியேற்ற வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் மீது மானநஷ்ட வழக்கும், மிருகவதைத் தடைச் சட்டத்தில் புகாரும் கொடுக்க முடியுமா?

பதில்: மிருதங்கத்தை விட்டுவிடுங்கள். திட்டியதையும் விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது, காவல் நிலையத்தில் நீங்கள் கையெழுத்திட்ட அந்த ஒரு வாக்கியம்தான்.

நாய் வளர்க்கலாமா என்பதில் சண்டையே இல்லை. வளர்க்கலாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் பெரும்பான்மையாகக் கூடித் தீர்மானித்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது. குரைப்பதைக் காரணமாகக் காட்டவும் முடியாது. எனவே சங்கத்தின் தீர்மானத்தைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஆனால் அதே வழிகாட்டுதல், விடாமல் குரைப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்றும், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் வளர்ப்பவர்களிடம் சொல்கிறது. நாய் வளர்ப்பவர்கள் அந்தப் பத்தியைப் படிப்பதில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படித்திருப்பார்.

குற்றவியல் சட்டத்துக்காகவும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவு பொதுத் தொல்லைக்கு விதிக்கும் தண்டனை அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். அதற்கும் தொல்லை பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தில் இருப்போருக்குப் பொதுவாகவோ இருக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் புகார் சொன்னால் அது எளிதில் நிற்காது. மற்ற வீடுகளில் அவர் கையெழுத்து வாங்குகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். வாங்கினால், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு போகப்போகிறது என்று பொருள். விலங்கை அலட்சியமாக வைத்திருப்பதைத் தண்டிக்கும் 291-ஆம் பிரிவுக்கு உயிராபத்தோ கொடுங்காயமோ ஏற்படும் வாய்ப்பு இருக்க வேண்டும். கட்டிப்போட்ட நாய் குரைப்பது அதில் வராது.

ஆகவே அவருடைய வழக்கறிஞர் அந்தப் பக்கம் போகமாட்டார். மாநகர உரிமையியல் நீதிமன்றத்தில் இன்ஜங்ஷன் எனப்படும் உறுத்துக் கட்டளை கேட்டு வழக்குப் போடுவார், கூடவே இடைக்கால மனுவும் போடுவார். அங்கே நீதிபதி கேட்பவை சில கேள்விகள்தான். எத்தனை மணி நேரம் குரைக்கிறது? எந்த வேளையில்? சாதாரண மனிதர் ஒருவரால் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவா? அதைக் குறைக்க உரிமையாளர் என்ன செய்தார்? கடைசிக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. தினமும் பத்து மணி நேரம் ஆளில்லாத வீட்டின் பால்கனியில் நாயைக் கட்டிவைக்கிறீர்கள். அது குரைக்கும்போது கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. கீழ் வீட்டுப் பெரியவர் மட்டும்தான் இருக்கிறார். அது எவ்வளவு நேரம் குரைக்கிறது என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த நிலையில், காவல் நிலையத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்த கடிதம் அவருடைய கோப்பில் முதல் ஆவணமாக இருக்கும். உங்கள் தம்பி பாதி சட்டம் தெரிந்தவர். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிய விதி. உரிமையியல் வழக்கில், ஒருவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட காகிதம் அவருக்கு எதிரான ஒப்புதல்தான், எங்கே உட்கார்ந்து எழுதினாலும் சரி. மிரட்டி வாங்கினார்கள் என்று வாதிடலாம். ஆனால் அதை அப்போதே ஆணையரகத்துக்கு ஒரு பதிவுத் தபால் மூலம் சொல்லியிருந்தால்தான் அந்த வாதத்துக்கு உயிர் இருக்கும். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு சொன்னால் யார் நம்புவார்கள்?

நாயை அப்புறப்படுத்தச் சொல்லும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். புகாரை முடித்துவைக்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று எதை வேண்டுமானாலும் எழுதிக்கொடுக்கிறார். இத்தனை வருடத் தொழிலில் அக்கம்பக்கத் தகராறுகளில் நான் பார்த்த பெரிய விபத்து இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் 'இனி சத்தமே வராது' என்று எழுதிக்கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நாளே ஒலியும் பதிவாகும் கேமரா ஒன்றை மாட்டிவிட்டார். அதன் பிறகு அந்த நாய் குரைத்த ஒவ்வொரு முறையும் வாக்குத் தவறியதற்கான ஆதாரம் ஆகிவிட்டது. தபால்காரரைப் பார்த்துக் குரைத்ததும், தீபாவளி வெடிக்குக் குரைத்ததும்கூடக் கணக்கில் சேர்ந்தன. அந்தக் கடிதம் இல்லாமல் இருந்தால், இது சாதாரண நாய், சாதாரணக் குரைப்பு என்று வாதாட இடம் இருந்திருக்கும். சத்தமே வராது என்று அவரே அளவுகோலை நிர்ணயித்துவிட்டதால் நான் எதைச் சொல்லி வாதாடுவது? கடைசியில் நாய் திண்டிவனத்தில் உறவினர் வீட்டுக்குப் போனது. நஷ்டஈட்டு வழக்கு மட்டும் சென்னையிலேயே தங்கிவிட்டது.

நாய் செய்யப்போவதற்கு நீங்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது. நீங்கள் செய்யப்போவதற்கு மட்டும்தான் கொடுக்கலாம். நாய்க்காகக் கொடுத்த வாக்கின் விலை இடைக்கால ஆணை வந்த பிறகுதான் தெரியும். 'தொல்லை தரும் வகையில் நாய் குரைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஆணை வந்து, அதை மீறியதாக மனுப் போட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 2-ஏ படி சொத்தை ஜப்தி செய்யலாம். மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம். எல்லா நீதிபதியும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் அந்த மனு நிலுவையில் இருக்கும்போது உங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஊருக்குப் போய்வர முடியாது.

அடுத்தது பதில் நோட்டீஸ். கோபத்தில் நீங்கள் சொல்லச் சொல்ல யாராவது எழுதிக்கொடுத்தால் அது இரண்டாவது கடிதமாகிவிடும். 'உங்கள் கட்சிக்காரர் பால்கனிக்கு வந்து சீண்டுவதால்தான் நாய் குரைக்கிறது' என்ற வாக்கியத்தைப் பல பதில்களில் படித்திருக்கிறேன். அதில் சீண்டியதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். குரைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டவரும் நீங்களே. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை, மன்னிக்கவும்' என்று பண்போடு போட்ட செய்திகளும் இதே வேலையைச் செய்யும். இன்று முதல் அந்தக் குழுவில் நாய் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பழையதை அழிக்கவும் வேண்டாம். அவர் ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருப்பார். அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். நாய் வளர்ப்பது சட்டப்படியானது, காவல் நிலையக் கடிதம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது, சத்தத்தைக் குறைக்க இன்ன தேதியிலிருந்து இன்ன ஏற்பாடு நடக்கிறது. இந்த மூன்றும் போதும். மூன்றாவது உண்மையாக இருக்க வேண்டுமானால், பதில் போவதற்கு முன்பே நாயை பால்கனியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்.

மிருகவதைத் தடைச் சட்டப் புகார் என்கிறீர்கள். 1960-ஆம் வருடத்துச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் அதில் குற்றம். உரிமையாளர் செய்யும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்வரைதான், சிரிக்க வைக்கும் தொகை. ஆனால் அந்தப் பிரிவின் எண் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், தெருவிலிருந்து காப்பாற்றி வளர்க்கிறோம் என்று நீதிமன்றத்தில் நீங்கள் சொல்லும் கதை அங்கேயே முடிந்துவிடும். மாநகராட்சி உரிமம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பொதுவாக, இருப்பவர்கள் எழுதுவார்கள். சென்னையில் உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப் மூன்றும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்த பிறகு மாநகராட்சி இதில் கண்டிப்பாக இருக்கிறது. உரிமம் இல்லையென்றால் எதிர்ப்புகார் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். உங்கள் பெரியவர் போடவேண்டிய அடுத்த மனுவை நீங்களே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகும்.

மானநஷ்ட வழக்கு வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், உங்கள் கணவரைத் திட்டியதைக் கேட்ட அண்டை வீட்டுக்காரர்களில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்வாரா என்று மட்டும் உங்கள் கணவரிடமே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் அடுக்கிய குறைகளில் நான் ஒதுக்காத ஒன்று மருந்து வைப்பேன் என்ற மிரட்டல். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆனால் சாட்சியோ பதிவோ இல்லாமல் இன்று புகார் கொடுத்தால், நோட்டீசுக்குப் பழிவாங்கியதாகத்தான் தெரியும். சொன்ன தேதியையும் வார்த்தைகளையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மறுபடியும் சொன்னால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நாய் பால்கனியில் தனியாக இருக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமாதானமாகப் போங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கட்சிக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை, என் ஜூனியர்களுக்கும் பிடிப்பதில்லை. ஆனால் இந்த வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும் கிடைப்பது, இப்போது இருக்கும் நாயும் இப்போது இருக்கும் கீழ் வீடும்தான். தோற்றால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் ஆணை போடக் கூடாது என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுக்கும் கேவியட் மனுவைப் போட்டுவையுங்கள், தொண்ணூறு நாள் தாங்கும். அதன் நகல் பதிவுத் தபாலில் அவர் வீட்டுக்குப் போகும்போது சண்டைக்குத் தயாராவதாக நினைத்துக்கொள்வார். ஆகவே அதற்கு முன்னால் நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் கணவர் போக வேண்டாம், நீங்கள் போங்கள். அல்லது இருவரும் மதிக்கும் வேறு வீட்டுப் பெரியவர் ஒருவரை அனுப்புங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுங்கள், கட்டணம் இல்லை.

அங்கே எழுதும் காகிதத்தில்தான் மறுபடியும் கவனம் வேண்டும். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தின் தீர்வாக அது பதிவானால் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 'நாய் குரைக்காது' என்ற சொற்கள் எந்த வடிவத்திலும் வரக் கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரையும், வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் நாய் உள்ளே இருக்கும். பால்கனிக் கதவு சாத்தியிருக்கும். பகலில் ஒருமுறை ஆள் வந்து வெளியே கூட்டிப்போவார். பயிற்சியாளரிடம் இன்ன மாதம் வரை பயிற்சி நடக்கும். மூன்று மாதம் கழித்து இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவோம். இப்படி, நீங்கள் செய்ததற்கு ரசீதும் சாட்சியும் காட்டக்கூடியவை மட்டும் இருக்கட்டும். காவல் நிலையத்தில் முன்பு எழுதிய கடிதம் இந்த ஒப்பந்தத்தோடு காலாவதியாகிறது என்று ஒரு வரியை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்காக நஷ்டஈட்டில் ஒரு சிறு தொகையைத் தர வேண்டியிருந்தாலும் தந்துவிடுங்கள். பகலில் ஆள் வைக்க மாதம் சில ஆயிரம் செலவாகும் என்று தயங்கினால், இடைக்கால மனுவுக்கு ஒருமுறை எதிர்வாதம் செய்ய வழக்கறிஞர் எவ்வளவு கேட்பார் என்று விசாரித்துப் பாருங்கள்.

நோட்டீஸ் என்றைக்குக் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதியைப் பார்த்துக்கொண்டு, காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நகல் உங்களிடம் இல்லையென்றால், பதில் நோட்டீஸ் எழுதுவதற்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டு மனுப் போட்டுவிடுங்கள்.