எத்தியோப்பியர்கள் வெளிநாட்டில் சம்பாதிக்கும் டாலர் ஏன் ஊர் வங்கிக்குப் போவதில்லை?

வாஷிங்டன் பகுதியில் உணவகம், டாக்சி என்று முன்னுக்கு வந்த எத்தியோப்பியர்கள் பலர் பணம் அனுப்புவது உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே நடக்கும் ஹவாலாவில். டாலரை அங்கேயே முகவரிடம் கொடுத்தால், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் அவருடைய ஆள் குடும்பத்திடம் பிர், அதாவது உள்ளூர்ப் பணம், கொடுத்துவிடுவார். டாலர் எத்தியோப்பியாவுக்குள் வராது; யாரோ ஒரு இறக்குமதியாளர் அதில் துபாயில் சரக்கெடுப்பார்.

காரணம் விலைதான். 2024 ஜூலை வரை வங்கியில் டாலருக்குச் சுமார் 57 பிர், வெளியே ஏறக்குறைய இரு மடங்கு. கொள்முதல் நிலையத்தைவிட வியாபாரி இரட்டிப்பு விலை தந்தால் நெல் எங்கே போகும்? அந்த மாதக் கடைசியில் அரசு பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டது. சில வாரங்களில் வங்கி விலையும் 100ஐத் தாண்டியது. தாமதமாக வந்த புத்தி.

உண்டியலில் போட்டால் குடும்பத்துக்குப் பணம் சேராது என்று சிலர் நினைக்கிறார்கள். குடும்பத்துக்கு முழுசாகச் சேரும். மருந்தும் எரிபொருளும் வாங்க வங்கியிடம்தான் டாலர் இருக்காது.