முதல் அழைப்பு யாருக்கு?

கேள்வி: கல்லடியில் தனியே வாழும் எண்பது வயது அம்மா ஒருவரை வீட்டில் தங்கிப் பராமரிக்கிறேன். பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அண்மையில் ஓரிரவு அவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, என்னையே யாரென்று கேட்டார். மகனிடம் கேட்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் ஏசுவாரோ என்று பயந்து, அவரைத் தொலைபேசியில் பிடிப்பதிலேயே நேரம் போய்விட்டது. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா சீனி கரைத்துக் கொடுத்ததும் தெளிந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பவை இரத்தத்தில் சீனி குறைந்ததன் அறிகுறிகள். நினைவிருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் சீனி பார்க்கும் கருவியால் மீண்டும் சோதியுங்கள். அளவு 70க்குக் (mg/dL) கீழேயே நின்றால் இன்னொரு முறை கொடுத்து, தெளிந்தபின் பாணோ சோறோ உண்ணச் செய்யுங்கள். நீரிழிவுக்குக் குடிக்கும் கிளிக்கிளசைட் போன்ற குளிசைகள் பல மணி நேரம் வேலை செய்வதால் சீனி மறுபடியும் இறங்கக்கூடும்; ஆகவே தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை நாடெங்கும் இலவசம். வீதியின் பெயரோடு அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சொன்னால் இடத்தை விரைவாகக் கண்டுபிடிப்பார்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இங்கே இரவென்றால் அங்கே வேலை நேரம். மகனால் தொலைபேசியை எடுக்க முடியாதிருக்கலாம். காத்திருக்க முடியாத வேறு அவசரங்களும் உண்டு. அம்மாவின் வாய் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டியிருப்பதால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். விழுந்தவரின் ஒரு கால் குறுகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். கையைப் பிடித்துத் தூக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை குடிப்பவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆகவேண்டும். இவை எதற்கும் மகனின் அனுமதியை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். முதல் அழைப்பு 1990க்கு, அடுத்தது பக்கத்து வீட்டுக்கு, அதற்குப் பிறகே மகனுக்கு.

இந்த வரிசையை அம்மா நலமாக இருக்கும்போதே அவரிடமும் மகனிடமும் பேசி ஒரு தாளில் எழுதி வாங்கி, குளிசைகளின் பட்டியலோடு கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். எழுதித்தர மகன் தயங்கினால் இந்தப் பதிலை அவருக்கு அனுப்புங்கள். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இல்லையென்றால் அதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.