கருவிப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கோணத்தை எடுத்து வேறிடத்தில் பதிக்க உதவும் மடக்குக் கருவிகளைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்திருக்கும் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: பழைய தோட்டத்து பங்களா ஒன்றில் மங்களூர் ஓட்டுக் கூரையின் கைமரங்கள் (சுவரிலிருந்து முகட்டுக்குச் சாய்ந்து ஏறும் சட்டங்கள்) சில, மழைநீர் இறங்கி உளுத்துவிட்டன. கூரைச் சரிவு 30 பாகை என்று எண்ணி 125 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டத்தில் ஒரு கைமரம் வெட்டினேன். அதன் மேல்விளிம்பு முகட்டு விட்டத்தைத் தொடுகிறது. கீழ்விளிம்பில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது. என்னிடம் பெவல் (பிடியோடு திருகால் கோத்த, எந்தக் கோணத்திலும் இறுக்கி நிறுத்தக்கூடிய தகடு) இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?
(ஒரு தச்சர், ஏற்காடு)

பதில்: உங்கள் கைமரம் ஒழுங்காகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது, அந்தக் கூரைதான் 30 பாகையில் இல்லை. 125 மில்லிமீட்டர் உயரச் சட்டத்தை 30 பாகைச் சரிவுக்கு வெட்டினால் வெட்டுமுகம் ஏறத்தாழ 144 மில்லிமீட்டர் நீளம் வரும். அந்த நீளத்தில் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்பது 2 பாகை வேறுபாடு. மேலே தொட்டுக் கீழே திறந்திருப்பதால் கூரை நீங்கள் எண்ணியதைவிடப் படுத்திருக்கிறது, அதாவது 28 பாகை அளவில் இருக்கிறது. கீழே தொட்டு மேலே திறந்திருந்தால் நிமிர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இதைச் சரிபார்க்க ரசமட்டம் போதும். அதைக் கைமரத்தின் அடியில் கிடைமட்டமாகப் பிடித்து, 1 மீட்டர் தொலைவில் செங்குத்து உயரத்தை அளந்தால் 30 பாகைக்கு 577 மில்லிமீட்டரும் 28 பாகைக்கு 532 மில்லிமீட்டரும் வரும். முகட்டில் வெறும் 5 மில்லிமீட்டராகத் தெரியும் இந்த 2 பாகை, 3 மீட்டர் நீளக் கைமரத்தின் மறுமுனையில் 105 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும் என்பதால், முகட்டு இடைவெளியை ஆப்பு அடித்து மறைத்துவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

அந்தப் பழைய பங்களாக்களில் முழு எண்ணை எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தோன்றிவிட்டன. மங்களூரில் பாசெல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதோ 1865-இல்தான். ஆகவே மிகப் பழைய கட்டடமாக இருந்தால், கூரையின் சரிவு வேறு வேய்பொருளுக்காக முடிவு செய்யப்பட்டு, ஓடு பிற்காலத்தில் ஏறியிருக்கவும் கூடும். அதற்குமேல் சுவர் இறங்கியிருக்கும், விட்டம் தொய்ந்திருக்கும். ஒரே கூரையின் இரண்டு கைமரங்கள்கூட ஒரே கோணத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எண்ணைக் கேட்காமல் கோணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போவதுதான் பெவலின் வேலை. புதிய கைமரம் வர வேண்டிய இடத்தில், வளைவில்லாத ஒரு மெல்லிய சட்டத்தைச் சுவரிலிருந்து முகடுவரை தற்காலிகமாக வைத்து, அதன் மேல்விளிம்பு இருபுறமும் உள்ள நல்ல கைமரங்களின் மேல்விளிம்போடு ஒரே தளத்தில் நிற்கும்படி கட்டிவிடுங்கள்; மேலே வரும் ரீப்பர்கள் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்கள்) நேராகப் படுக்க வேண்டும் என்பதால், மேல்விளிம்புதான் இங்கே ஆதாரம். பெவலின் திருகை, தகடு தானாகத் தொங்கிவிடாமலும் விரலால் தள்ளினால் நகரும்படியும் தளர்த்திக்கொண்டு, பிடியை அந்தச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் தகட்டை முகட்டு விட்டத்தின் செங்குத்து முகத்திலும் முழு நீளமும் ஒட்டும்படி வையுங்கள். முகட்டு விட்டம் சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே எடுங்கள். புதிய மரம் அதன்மீதுதானே உட்காரப் போகிறது! திருகை இறுக்கிய பிறகு கருவியை எடுத்துவிட்டு, மீண்டும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். திருகை இறுக்கும் செயலே தகட்டைச் சற்றுத் திருப்பிவிடுவது உண்டு; பொருந்தாத வெட்டுகளில் பெரும்பகுதி இந்த மறுபார்வையைத் தவிர்த்ததால் வந்தவை என்பது எம் கருத்து.

அடுத்து, புதிய மரத்திலும் பிடியை மேல்விளிம்பிலேயே வைத்துக் கோடு இழுக்க வேண்டும். அளவு எடுத்த விளிம்பு ஒன்று, பதிக்கும் விளிம்பு வேறொன்று என்று மாறினால், மரத்தின் இரு விளிம்புகளும் இணையாக இல்லாத பட்சத்தில் அந்தப் பிழையும் வெட்டில் சேர்ந்துவிடும். பென்சிலைவிடக் கத்திமுனை மெல்லிய கோடு தரும். சுவரின் மேல் படுத்திருக்கும் சட்டத்தில் உட்காரும் வாய்வெட்டுக்கும் ஏறக்குறைய இதே அமைப்பு உதவும்: முகட்டு முகம் செங்குத்தாக இருந்தால், அதே பெவல் கோட்டை அடிப்பகுதியில் இழுத்து, அதற்கு மூலைமட்டத்தால் நேர்மூலை எடுத்தால் கிடைமட்டக் கோடு கிடைத்துவிடும். முகட்டு முகம் சாய்ந்திருந்தால் வாய்வெட்டுக்கு ரசமட்டத்தைக் கொண்டு தனியாகக் கோணம் எடுக்க வேண்டும்.

கேள்வி: நான்கு பக்கமும் சரியும் கூரையில், இரு சரிவுகள் சேரும் மூலையில் ஓடும் மூலைக்கைமரத்தில் வந்து முட்டும் குட்டைக் கைமரங்களின் மேல்முகத்தில் 45 பாகை குறித்து வெட்டினேன். வரைபடத்தில் 45 பாகைதான் இருக்கிறது. ஆனால் மேலே பொருந்தவில்லை. காரணம் என்ன?
(ஒரு வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: வரைபடம் கூரையை வானத்திலிருந்து பார்க்கிறது, நீங்கள் கோடு இழுத்ததோ சாய்ந்த தளத்தின்மீது. தளம் சாயும்போது அதன் நீளம் கூடுகிறது, அகலம் மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக, 30 பாகைச் சரிவில் 1 மீட்டர் கிடைமட்டத் தூரம், கூரைத் தளத்தில் 1.155 மீட்டராகிறது. ஆகவே வரைபடத்தில் 45 பாகையாகத் தெரியும் சந்திப்பு, கைமரத்தின் மேல்முகத்தில் 40.9 பாகையாகக் குறுகிவிடும். மூலைக்கைமரத்தின் சரிவும் அதே கணக்கால் 30 பாகையாக இராமல் 22.2 பாகையாகத்தான் இருக்கும். கை ரம்பத்தால் வெட்டுபவர் மேல்முகத்தில் 40.9 பாகைக் கோட்டையும் பக்கவாட்டு முகத்தில் செங்குத்து வெட்டுக்கான கோட்டையும் குறித்து, இரண்டையும் ஒருங்கே பின்பற்ற வேண்டும். மின்ரம்பத்தால் பக்கவாட்டுக் கோட்டின் வழியே வெட்டுபவர் தகட்டை 45 பாகை சாய்த்தால் போதும். அப்போது மேல்முகத்தில் 40.9 பாகை தானாக வந்துவிடும். உங்கள் 45 பாகை தவறான எண் அன்று, தவறான முகத்தில் குறிக்கப்பட்ட எண். பெவலை நேரடியாக மேலே கொண்டுபோய், கட்டிவைத்த மாதிரிச் சட்டத்துக்கும் மூலைக்கைமரத்துக்கும் இடையே கூரைத் தளத்திலேயே வைத்து எடுத்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: தரை ஓடு பதிக்கும் வேலை செய்கிறேன். நான்கு பட்டைகளைத் திருகுகளால் கோத்த மடக்கு அளவுகோல் ஒன்று கடைகளில் வந்திருக்கிறது. தூண், குழாய் ஆகியவற்றைச் சுற்றி ஓடு வெட்ட உதவும் என்கிறார்கள். வாங்கலாமா?
(ஒரு வாசகர், அம்மாபேட்டை)

பதில்: உங்கள் தொழிலுக்கு வாங்கலாம். பெவல் ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். இந்தக் கருவி நான்கு கைகளையும் நான்கு மூட்டுகளையும் கொண்டு ஒரு முழு வடிவத்தைப் பிடிக்கும். தூணின் இரு மூலைகளையும் நடுவிலுள்ள அகலத்தையும் ஒரே தடவையில் எடுத்து ஓட்டின்மீது வைத்துக் கோடு இழுக்கலாம். உருண்டையான குழாய்க்கு இது பொருந்தாது. அதற்கு அட்டையில் வட்டம் வெட்டிப் பார்ப்பதே நல்லது.

பிளாஸ்டிக்கில் செய்தது, அலுமினியத்தில் செய்தது என இரு வகைகள் உண்டு. இதில் பட்டையின் பொருளைவிட மூட்டின் இறுக்கமே முக்கியம். கடையில் எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு, எதிரெதிர்க் கைகளை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மூட்டு அசைந்தால், அச்சிட்ட பாகைக் குறிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வாங்க வேண்டாம். நேர்மூலை வேண்டும்போது அந்தக் குறிகளை நம்பாமல், எதிர்ப் பக்கங்களைச் சமமாக வைத்துக்கொண்டு, இரு மூலைவிட்டங்களும் சமமாகும்வரை சட்டகத்தை நகர்த்தி இறுக்குங்கள். நான்கு மூலைகளும் 90 பாகைக்கு வந்துவிடும். கைகள் குட்டையானவை என்பதையும் மறக்க வேண்டாம். அதில் எடுத்த கோணத்தை ஓர் அறையின் நீளத்துக்கு நீட்டினால், 1 பாகைப் பிழை ஒவ்வொரு மீட்டருக்கும் 17 மில்லிமீட்டருக்கு மேல் விலகும்.

கேள்வி: சுவர் மூலை 94 பாகை இருந்தது. பாதியாக்கி 47 பாகையில் ரம்ப மேசையை வைத்து, 15 மில்லிமீட்டர் கனமுள்ள சுவரடிப் பட்டிகளை வெட்டினேன். முன்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் வாய் திறந்துவிட்டது. கோணமானி கெட்டுவிட்டதா?
(ஒரு வாசகர், சூரமங்கலம்)

பதில்: கோணமானி நன்றாகவே இருக்கிறது. ரம்ப மேசையின் அளவுகோலில் 0 என்பது நேர்வெட்டைக் குறிக்கிறது. கோணமானியிலோ நேர்மூலை 90. ஆகவே பட்டியில் 47 பாகை முனை வேண்டுமானால் மேசையை 43-இல் வைக்க வேண்டும். 47-இல் வைத்ததால் ஒவ்வொரு முனையும் 43 பாகையாகி, இரண்டும் சேர்ந்து 86 பாகைதான் வந்தது. குறைந்த 8 பாகை உங்கள் 3 மில்லிமீட்டராகத் தெரிகிறது. சரியாக 90 பாகை உள்ள மூலையில் இரு எண்களும் 45 ஆகிவிடுவதால், இந்தக் குழப்பம் நெடுநாள் வெளிப்படாமலே இருக்கும்.

கேள்வி: எண்ணைத் திரையில் காட்டும் டிஜிட்டல் கோணமானி வாங்கிய பிறகு பெவல் தேவைப்படுமா?
(ஒரு வாசகர், ஐந்து ரோடு)

பதில்: தேவைப்படும். விலை குறைந்த கருவிகளின் திரை 0.1 பாகை, ஏன், 0.05 பாகைகூடக் காட்டும். ஆனால் அவற்றோடு வரும் தாளில் பிழை எல்லை பெரும்பாலும் 0.3 பாகை என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது மீட்டருக்கு 5 மில்லிமீட்டர். டிஜிட்டல் கருவி பயன்படும் இடம் வேறு: கோணத்தைப் பாதியாக்க வேண்டும்போதும், அளப்பவர் ஏற்காட்டிலும் வெட்டுபவர் சேலத்துப் பட்டறையிலும் இருக்கும்போதும் எண் வேண்டும், ஏனென்றால் எண்ணைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். பெவலையே கீழே கொடுத்தனுப்புவதாக இருந்தால் திருகை மட்டும் நம்பிப் பையில் போட வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருவதற்குள் தகடு இடம் மாறியிருக்கும். ஒட்டுப்பலகைத் துண்டில் கோட்டை இழுத்து, எந்தக் கைமரம், எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: வெர்னியர் பெவல் புரட்ராக்டரில் 5 நிமிடம்வரை படிக்க முடிவது எப்படி?
(ஐ.டி.ஐ. மாணவர், சேலம்)

பதில்: வெர்னியர் என்பது முதன்மை அளவுகோலை ஒட்டி நகரும் துணை அளவுகோல்; 1 பாகைக்கு 60 நிமிடம். வெர்னியரில் ஒரு பக்கத்துக்கு 12 பிரிவுகள், முதன்மை அளவுகோலின் 23 பாகையில் அடங்குகின்றன. எனவே ஒரு பிரிவு 1 பாகை 55 நிமிடம். முதன்மை அளவுகோலின் இரு பிரிவுகள் 2 பாகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 5 நிமிடமே அந்தக் கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. பூச்சியத்தின் எந்தப் பக்கம் கோணம் எடுத்தீர்களோ அந்தப் பக்கத்து வெர்னியரையே படிக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: புதிதாகப் பெவல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
(ஒரு வாசகர், ஆத்தூர்)

பதில்: தகட்டின் இரு விளிம்புகளும் நேராகவும் இணையாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலகையின் நேர்விளிம்பில் பிடியை அணைத்து ஒரு கோடு இழுத்த பின், பிடியை நகர்த்தாமல் தகட்டின் மறுவிளிம்பில் இன்னொரு கோடு இழுத்தால், இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் முழுவதும் ஒரே அளவாக வர வேண்டும். பிறகு பூட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் இறக்கைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் நட்டு உள்ள வகை மலிவானது. ஆனால் கருவியைப் புரட்டி மறுமுகத்தில் வைக்கும்போது அந்த நட்டே மரத்தில் தட்டி, பிடியைப் படிய விடாது. பூட்டும் திருகு பிடியின் அடிமுனையில் அமைந்த வகையில் இந்தத் தொல்லை இல்லை. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.