பன்றிக்கு வயிறு கெட்டால்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை பன்றியின் வயிறு பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்திருக்கிறோம். "கழியுது, என்ன மருந்து?" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் எங்களால் உதவ முடியாது. குட்டிக்கு எத்தனை நாள், மலம் என்ன நிறம், தொட்டியில் நேற்று என்ன போட்டீர்கள், தண்ணீர் எந்நேரமும் இருந்ததா என்பவற்றையும் எழுதுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

கேள்வி: எங்கள் பன்றி ஒன்பது குட்டி ஈன்றது. எட்டாம் நாளிலிருந்து குட்டிகளுக்கு மஞ்சளாகக் கழிகிறது. மூன்று நாள் அன்ரிபயோட்டிக் ஊசி போட்டும் நிற்கவில்லை. பால் குடிக்கின்றன, ஆனால் தேறவில்லை. (பரந்தன்)

பதில்: ஊசி கேட்கவில்லை என்பதும் எட்டாம் நாள் என்பதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகின்றன. பிறந்து முதல் நான்கு நாளுக்குள் தண்ணீராகக் கழிந்தால் பெரும்பாலும் ஈ-கோலை பக்ரீரியா. ஒரு வாரம் தாண்டி, இரண்டாம் வாரத்தில், பிதுக்கிய பற்பசைபோல மஞ்சள் மலம் வந்து வாலடியில் ஒட்டி, புளித்த பால் மணம் அடித்தால் முதலில் கொக்சிடியாவைச் சந்தேகியுங்கள். கோழிக்குஞ்சில் இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் கிருமியின் இனம்தான். ஆனால் பன்றிக்குட்டியில் வழக்கமாக இரத்தம் வராது. இது பக்ரீரியா அல்ல, அதனால் நீங்கள் போட்ட ஊசி இதைத் தொடாது.

இதற்குரிய மருந்து டொல்ட்ராசூரில். 5 வீதக் கரைசலில், உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.4 மில்லிலீற்றர், வாய்வழியாக ஒரே ஒரு முறை. 2 கிலோக் குட்டிக்கு 0.8 மில்லிலீற்றர். எடையைக் கண்ணால் மதிக்காமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். கழிச்சல் தொடங்கிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு, ஏனென்றால் குடற்சுவர் ஏற்கெனவே புண்ணாகிவிட்டது. அடுத்த ஈற்றில் மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடும்போதே இதையும் கொடுத்துவிடுங்கள்.

இப்போது இருக்கும் குட்டிகளைக் காப்பாற்றப்போவது தண்ணீரும் சூடும்தான். ஒரு பக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கவிழாத தட்டையான சட்டியில் வையுங்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மிஞ்சியதை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் கெடுதல். சோர்ந்த குட்டிக்கு ஊசிக் குழாயால் 10 மில்லிலீற்றர் அளவில் அடிக்கடி, கடைவாய்ப் பக்கமாக விடுங்கள். சூடு போதுமா என்று குட்டிகள் படுத்திருக்கும் விதமே சொல்லும்: ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், சிதறிக் கிடந்து இரைத்தால் வெக்கை, பக்கம் பக்கமாக நீட்டிப் படுத்தால் சரி. மாரி இரவில் வைக்கல் நனைந்திருந்தால் எந்த மருந்தும் நிற்காது.

இந்தக் கிருமியின் முட்டை சாதாரண டெற்றோல் வகைகளுக்குச் சாகாது. கூடு காலியானதும் மலத்தைச் சுரண்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்பு பூசி, வெயில் பட நன்றாகக் காயவிடுங்கள். காய்வதுதான் இதில் முக்கியம்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டிகள் ஆறு வாங்கினோம். பத்தாம் நாள், நன்றாகத் தின்ற கொழுத்த குட்டி இரண்டு, கண்ணிமை வீங்கித் தள்ளாடிச் செத்தன. மற்றவற்றுக்கு வயிற்றோட்டம். (துணுக்காய்)

பதில்: பால் மறந்த குட்டிக்கு வரும் ஈ-கோலை வீக்க நோயின் அடையாளங்கள் இவை. நன்றாகத் தின்னும் குட்டியைத்தான் அது முதலில் பிடிக்கும். தாய்ப்பால் நின்று, இடம் மாறி, தீனியும் மாறி, பசியில் ஒரேயடியாகத் தின்னும்போது செரிக்காத புரதம் குடலில் தேங்கிக் கிருமிக்குத் தீனியாகிறது.

மிச்ச நான்குக்கும் இன்று தீனியை நிறுத்தி ஜீவனி நீர் மட்டும் கொடுங்கள். நாளையிலிருந்து வழக்கமான அளவில் பாதியை ஐந்து வேளையாகப் பிரித்துப் போட்டு, ஒரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். எந்த அன்ரிபயோட்டிக் என்பதை மிருக வைத்தியர் சொல்லட்டும்.

அடுத்த தடவை குட்டி வாங்கும்போது விற்பவரிடம் ஒரு வாரத்துக்கான அவருடைய தீனியையும் விலைக்குக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் அதை மட்டும், பிறகு இரண்டு நாள் பழையது மூன்று பங்கு புதியது ஒரு பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி, பிறகு ஒரு நாள் புதியது மூன்று பங்கு. ஒரு கிலோ பழைய தீனியின் விலை ஒரு குட்டியின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

கேள்வி: மீன் கழிவும் கருவாடு கழுவிய தண்ணீரும் கொடுத்து வருகிறோம். இரண்டு நாள் மோட்டர் பழுதாகி நீர் இல்லை. பிறகு தொட்டி நிறைய விட்டோம். ஒரு பன்றி நாய்போலக் குந்தி, தலையைச் சுவரில் முட்டி, வலிப்பு வந்து விழுந்தது. (அளம்பில்)

பதில்: இது உப்பு நஞ்சு. பன்றி அதிக உப்புத் தின்றாலும், போதிய நீர் குடிக்கும் வரை சமாளிக்கும். நீர் இல்லாத இரண்டு நாளில் உப்பு மூளைக்குள் ஏறிவிடும். அப்போது நிறைய நீரை ஒரேயடியாகக் குடித்தால் அது மூளைக்குள் இழுபட்டு வீக்கம் கூடும். நீங்கள் தொட்டியை நிறைத்தது இரக்கத்தால்தான், ஆனால் அதுவே வலிப்பைக் கிளப்பியிருக்கும். நிற்கிற பன்றிகளுக்கு உடல் எடையில் அரை வீதம் நீரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுங்கள். 40 கிலோப் பன்றிக்கு 200 மில்லிலீற்றர், ஒரு சிறிய கோப்பை. வலிப்பு வந்தது பிழைப்பது அரிது. கருவாட்டுத் தண்ணீரை இனி வேண்டாம்.

கேள்வி: ஈனப் போகும் பன்றிக்கு மலம் ஆட்டுப் புழுக்கைபோலக் கட்டியாக இருக்கிறது. (செட்டிக்குளம்)

பதில்: தவிட்டைக் கூட்டிப் புண்ணாக்கைக் குறையுங்கள். பச்சைக் கீரை, பழுத்த பப்பாளி கொடுங்கள். தினமும் கொஞ்சம் நடக்க விடுங்கள். நீரை வாளியால் அளந்து ஊற்றினால் எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். பால் கொடுக்கும் பன்றிக்கு நாளுக்கு 20 லீற்றருக்கு மேலும் வேண்டும். பழைய தவிடு என்றால் மணந்து பாருங்கள். அரிசி ஆலைத் தவிட்டின் எண்ணெய் சில வாரத்தில் கெட்டுக் கசக்கும், பன்றி ஒதுக்கும். ஈன்ற பிறகு காய்ச்சல் 40 பாகை தாண்டி மடி கல்லாக இறுகினால் அன்றே வைத்தியரை அழையுங்கள், குட்டிகள் பட்டினியாகிவிடும்.

கேள்வி: ஹோட்டல் சாப்பாட்டு மிச்சத்தால் வயிறு கெடுமா? (மடு)

பதில்: வயிறு கெடுவது சின்ன விஷயம். 2024 பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்துவிட்டது. அது மனிதரைத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு மருந்து கிடையாது, பட்டியையே துடைத்துவிடும். பன்றி இறைச்சி கலந்த மிச்சத்தால் பரவும். ஆகவே பன்றியிறைச்சி சமைக்கும் இடத்து மிச்சத்தை எடுக்கவே வேண்டாம். மற்றதைக் கிளறிக் கிளறி முழுப்பானையும் கொதிக்க விட்டு, கொதி வந்த பிறகு 30 நிமிடம் வையுங்கள். பச்சை மிச்சம் கொண்டுவரும் வாளியில் வெந்ததை அள்ளாதீர்கள். வயது வேறுபாடின்றிப் பல பன்றிகள் கடும் காய்ச்சலோடு தீனி மறுத்து, காது, வயிறு சிவந்து அல்லது நீலித்து, மலத்தில் இரத்தம் போய்ச் சாகத் தொடங்கினால் அறுக்கவோ விற்கவோ வேண்டாம். கூட்டைப் பூட்டிவிட்டு, உங்கள் பிரதேச அரச மிருக வைத்தியர் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். அந்தக் கூட்டுக்குப் போட்ட செருப்போடு அயல்வீட்டுப் பட்டிக்குள் போகாதீர்கள்.