துருப்பிடித்த மேனிஃபோல்ட் போல்ட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: இருபது வயது தாண்டிய பிக்கப் லாரி ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. பத்து நிமிடம் ஓடியதும் தானாக நின்றுவிடுகிறது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். போல்ட்டுகளைப் பார்த்தால் துரு மூடிக் கிடக்கிறது. நானே கழற்றலாம் என்று இருக்கிறேன். துரு இளக்கும் ஸ்ப்ரே, கேஸ் டார்ச், முறிந்த போல்ட் எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் செட் என்று கடையில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வாங்குவதற்கு முன்னால் டார்ச் லைட்டும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போய் போல்ட் தலைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும், குறிப்பாக கேபினை ஒட்டிய பின்பக்க மூலையில், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தலையே இல்லாமல் வெறும் ஓட்டை தட்டுப்பட்டால் அந்த போல்ட் ஏற்கெனவே முறிந்துவிட்டது. அப்படியானால் கழற்றுகிற வேலை போய், முறிந்ததைத் தோண்டி எடுக்கிற வேலை வந்துவிடும். வாங்க வேண்டிய சாமானும் மாறிவிடும்.

ஓர போல்ட் முதலில் போவதற்குக் காரணம் உண்டு. அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அது பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட்டையோ (எஞ்சினின் மேல்பாகம்) கூலன்ட் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் ஹெட் அவ்வளவு நீளாது. இந்த இழுபறி முழுவதும் ஓரத்தில் இருக்கும் போல்ட்டின் கழுத்தில்தான் விழுகிறது. சூடானதும் உங்கள் சத்தம் நிற்பதும் இதே கதைதான்: இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. சத்தம் நின்றுவிட்டதே என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கசிவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது கேபினுக்குள் வரலாம். போதாக்குறைக்கு வெளிக்காற்று உள்ளே புகுந்து எரிபொருள் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும். வண்டி தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்.

சரி, ஸ்ப்ரே. கட்டாயம் வாங்குங்கள், ஆனால் டப்பாவைப் படித்து வாங்குங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 என்பதன் பெயருக்கே 'நீரை விரட்டுவது, 40-வது கலவை' என்றுதான் பொருள். 1953-இல் ஈரத்தை விலக்கி துருவைத் தடுக்க உருவாக்கியது அது. இறுகிய மரைக்குள் ஊடுருவ அதே நிறுவனம் தனியாக இன்னொரு திரவம் விற்கிறது. ஆக, 'பெனட்ரேட்டிங்' என்ற சொல் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் போதும், எந்த பிராண்ட் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் அசிடோனையும் பாதிக்குப் பாதி கலந்து அடித்தால் அற்புதம் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் சரியாகக் கலக்காது. அசிடோன் சட்டென்று தீப்பிடிக்கும். கேஸ் டார்ச் பிடிக்கப் போகிற இடத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்ப்ரே வேலை செய்யத் தேவை நேரம்தான். மூன்று நான்கு நாள் வண்டியை ஓட்டிவிட்டு, எஞ்சின் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தினமும் ராத்திரி அடித்து வையுங்கள். கொதிக்கும் மேனிஃபோல்டில் அடித்தால் புகைதான் மிச்சம், சில சமயம் தீயும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது ஸ்டட்டும் (தலையில்லாத மரைக் கம்பி) நட்டுமா, இல்லை ஹெட்டுக்குள் இறங்கும் போல்ட்டா? ஸ்டட் என்றால் நட்டுக்கு வெளியே மரை தெரியும், எண்ணெய் அதன் வழியாக இறங்கும். போல்ட் என்றால் மரை இருப்பது மேனிஃபோல்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் அப்பால், ஹெட்டுக்குள். தலையில் எவ்வளவு அடித்தாலும் அங்கே போய்ச் சேருவது சொற்பம். போல்ட் வைத்த வண்டிக்கு ஸ்ப்ரேயை விட சூடுதான் மருந்து.

சூட்டுக்கு சிறிய புரொப்பேன் டார்ச் போதுமா என்றால், நட்டுக்குப் போதும், பொறுமை இருந்தால். வார்ப்பிரும்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எனவே சில நிமிடம் ஒரே இடத்தில் காட்ட வேண்டும். நட்டைச் சுற்றிக் காட்டுங்கள். நட்டு விரிந்து ஸ்டட்டை விடும். போல்ட் என்றால் தலையையே சூடாக்குங்கள். உள்ளே அது விரிந்து துருவை நசுக்கும், ஆறும்போது சுருங்கி மயிரிழை சந்து விடும். அந்த நேரத்தில் ஒரு மெழுகுவர்த்தியைப் போல்ட் தலையின் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். மெழுகு உருகி வெளியே வழியாமல் உள்ளே உறிஞ்சிக்கொண்டால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே வழிந்தால் இன்னொரு முறை சூடாக்கி ஆறவிடுங்கள்.

உங்கள் ஹெட் அலுமினியம் என்றால் இதில் ஒரு கண்டம் இருக்கிறது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். சுத்த அலுமினியம் சுமார் 660 டிகிரியில், ஹெட்டில் இருக்கும் கலவை அதற்கும் முன்பே உருகும், அதுவரை நிறம் மாறிக் காட்டாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும். அலுமினிய ஹெட்டுக்கு இண்டக்‌ஷன் ஹீட்டர் உத்தமம். கம்பிச் சுருளை நட்டின் மேல் மாட்டினால் தீயே இல்லாமல் அந்த இரும்பை மட்டும் சூடாக்கும். ஒரு வேலைக்காக அதை வாங்காதீர்கள்; வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். இன்னொன்று: டார்ச் பிடிக்கும் நாளில் பிரேக் கிளீனர் பக்கமே போகாதீர்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும்.

ஸ்பேனர் விஷயத்தில் சுருக்கமாக: அறுகோண சாக்கெட், அதுவும் அளவு கச்சிதமாக. பன்னிரண்டு மூலை சாக்கெட் துருத் தலையை மழுக்கிவிடும்.

அப்புறம் கைப்பக்குவம். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பாருங்கள். பிறகு திருப்புங்கள். 'கிரீச்' என்றோ 'டக்' என்றோ ஒரு வெடிப்புச் சத்தத்தோடு அசைந்தால் துரு உடைந்துவிட்டது, சந்தோஷப்படலாம். கால் சுற்று வெளியே, எண்ணெய், பாதி தூரம் உள்ளே, மறுபடி வெளியே என்று எடுங்கள். சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குவது போல மெத்தென்று சுற்றினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். சுற்றுவது மரை அல்ல, போல்ட்டின் கழுத்து முறுக்கிக்கொள்கிறது. இன்னும் ஒரு கால் சுற்றில் தலை கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி சூட்டுக்குப் போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இந்த வேலையில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் அந்தக் கால் சுற்றில்தான்.

கேள்வி: எக்ஸ்ட்ராக்டர் செட் பற்றிச் சொல்லவில்லையே? முறிந்தால் கைவசம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பதில்: வேண்டாம். நடுவில் துளை போட்டு, கூம்பு வடிவ முறுக்குக் கம்பியை இடது பக்கம் திருகி வெளியே இழுப்பது அதன் வேலை. தலை மழுங்கிப்போன சாதாரண போல்ட்டுக்கு நன்றாகவே உதவும். ஆனால் நல்ல தலையைப் பிடித்து முறுக்கியே வராமல் முறிந்த போல்ட், அதைவிட மெல்லிய கம்பியால் வரும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்? போதாக்குறைக்கு, கூம்பு இறங்க இறங்க போல்ட்டை உள்ளிருந்து விரித்து மரையில் இன்னும் இறுக்குகிறது. நானே ஒரு முறை இந்த ஆசையில் திருகினேன். சின்னதாய் ஒரு 'டிங்'. எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே முறிந்து நின்றது. அது பதமேற்றிய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போனது. ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் அரித்து எடுக்கும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மிச்சம் பிடிக்கப் பார்த்த பணம் பல மடங்காகக் கரைந்தது.

முறிந்த துண்டு கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது ஹெட் மட்டத்துக்கே இருந்தாலும், வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். துண்டின் மேல் முதலில் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட் வைத்து உள்ளே நிரப்பி வெல்ட் செய்வார்கள். அந்தச் சூடே துருவை உடைத்துவிடும். கொஞ்சம் ஆறியதும் நட்டைப் பிடித்துத் திருப்பினால் சேர்ந்து வரும். முதல் முறை வெல்ட் விட்டுப்போனால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று செய்யலாம், ஒவ்வொரு முறையும் துரு இன்னும் இளகும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். துத்தநாகம் பூசாத நட்டாகப் பார்த்து வையுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் நாலைந்து வாங்குங்கள். துளை போடும்போதே கழற்றும் திசையில் பிடித்து இழுக்கும். சில சமயம் துண்டு தானே சுற்றிக்கொண்டு வெளியே வரும். மையத்தில் பஞ்ச் குத்தாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

கேள்வி: பட்டறையில் 'போல்ட் முறிந்தால் தனிக் கணக்கு' என்கிறார்கள். இது முறையா?

பதில்: முறைதான். முறியுமா முறியாதா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தனிக் கணக்கு என்ன என்பதை வண்டியை விடும் முன்னாலேயே எழுதி வாங்குங்கள்: போல்ட்டுக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா, எந்தத் தொகையைத் தாண்டினால் உங்களைக் கேட்காமல் தொடரக் கூடாது. முறிந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். 'நட் வைத்து வெல்ட் செய்வோம்' என்று சொல்பவரிடம் தயங்காமல் விடலாம். 'எக்ஸ்ட்ராக்டர் போட்டுப் பார்ப்போம்' என்று தொடங்கினால் நான் வேறு பட்டறை பார்ப்பேன். எடுத்த பழைய போல்ட்டுகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை முறிந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: புதிதாகப் போடும்போது துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் என்ன?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 100 டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு சாதா எஃகு சுமார் 1.2 மில்லிமீட்டர் நீண்டால் 304 வகை ஸ்டெயின்லெஸ் சுமார் 1.7 நீள்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை விட போல்ட் அதிகம் நீண்டால் பிடி தளரும். ஸ்டெயின்லெஸ் மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகும் குணமும் உண்டு. வண்டிக் கம்பெனி சொன்ன போல்ட்டையே போடுங்கள். ஸ்டட் வகையாக இருந்தால் பித்தளை நட் கிடைக்கும், அது எஃகு ஸ்டட்டோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது.

மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் மெல்லத் தடவுங்கள். செம்பு வகை சுமார் 980 டிகிரி, நிக்கல் வகை சுமார் 1,300 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும். இரண்டுமே இந்த வேலைக்குப் போதும். ஆனால் கையேட்டில் உள்ள முறுக்கு அளவு பொதுவாக உலர்ந்த மரைக்குச் சொன்னது. பசை தடவினால் உராய்வு குறையும், அதே அளவுக்கு முறுக்கினால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். பசை டப்பாவில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். அதற்கு முன் மேனிஃபோல்டின் முகத்தில் ஒரு நேர்ப்பட்டையை வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்த வேண்டும்; இல்லையென்றால் புது கேஸ்கெட்டும் சீக்கிரமே போய்விடும்.

கேள்வி: ஒரே ஒரு ஓர போல்ட் மட்டும் முறிந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட முடியாது, ஆனால் ஒத்திப்போட வழி இருக்கிறது. சில எஞ்சின்களுக்கு, ஹெட்டில் இருக்கும் வேறொரு மரைத் துளையைப் பிடித்துக்கொண்டு மேனிஃபோல்ட் ஓரத்தை அழுத்தும் கிளாம்ப் விற்கிறார்கள். உங்கள் எஞ்சினுக்கென்றே செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றாமலே மாட்டலாம், சத்தமும் நிற்கும். கேஸ்கெட் எரிந்து பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் உதவாது.