ஹோவர்ட் தர்மன்: கேள்வி பதில்

கேள்வி: தர்மன் என்றதும் நம் ஆள் என்று நினைத்துவிட்டேன். யார் இவர்?

பதில்: நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்! அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1899இல் பிறந்தவர், ஃப்ளோரிடாவின் டேட்டோனாவில் வளர்ந்தவர். பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். 1926இல் ஒஹாயோ மாநிலத்து ஓபர்லினில் ஒரு சபையை ஏற்றார். அப்புறம் மோர்ஹவுஸ் கல்லூரி, ஹோவர்ட் பல்கலைக்கழகம், பாஸ்டன் பல்கலைக்கழகம் என்று பேராசிரியர் வாழ்க்கை. 1981இல் காலமானார்.

கேள்வி: வேதாகமத்தில் உள்ள அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களை (கடிதங்களை) வாசிக்க இவரைப் பாட்டி விடவில்லையாமே?

பதில்: இவரைப் புரிந்துகொள்ள இந்தக் கதைதான் சாவி. தாய்வழிப் பாட்டி நான்சி அம்ப்ரோஸ் அடிமையாக வாழ்ந்தவர், எழுத்தறியாதவர். பேரன்தான் அவருக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவான். பவுல் மட்டும் வேண்டாம் என்பார். எப்போதாவது, பவுல் அன்பைப் பற்றி எழுதிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்துக்கு அனுமதி உண்டு. கல்லூரிக்குப் போன பிறகுதான் தர்மன் துணிந்து காரணம் கேட்டார். பண்ணையில் எஜமானின் போதகர், அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் வரியையே திரும்பத் திரும்பப் பிரசங்கிப்பாராம். விடுதலை கிடைத்து, வாசிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியைத் தொடவே மாட்டேன் என்று பாட்டி அன்றே சபதம் செய்திருக்கிறார். (நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் 'வேலைக்காரரே' என்று மென்மையாக இருக்கும். மூலத்தில் அடிமைகள்தான்.)

கேள்வி: கொழும்பில் இவரைத் துரோகி என்று சொன்னார்களா?

பதில்: ஆமாம். 1935இல் ஒரு நல்லெண்ணக் குழுவுக்குத் தலைமையேற்று இலங்கை, இந்தியா, பர்மாவுக்கு வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்தபின், காபி குடிக்கையில் ஒருவர் கேட்டுவிட்டார்: உங்களை அடிமையாக்கியவர்களும் கிறிஸ்தவர்கள், அடித்துத் தூக்கிலிடுகிறவர்களும் கிறிஸ்தவர்கள், அந்த மதத்தைச் சுமந்துகொண்டு இங்கே வந்திருக்கிறீர்களே, கறுத்த மக்களுக்கெல்லாம் துரோகி அல்லவா?

தர்மன் கோபப்படவில்லை. கிறிஸ்தவம் என்ற அமைப்பு வேறு, ரோம ஆட்சியில் நசுங்கிய ஏழை யூதரான இயேசுவின் மதம் வேறு என்றார். அந்தப் பதில் அவருக்கே போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 1949இல் வந்த 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கொழும்புக் கேள்வி வருகிறது. மெல்லிய புத்தகம். இயேசு, பயம், வஞ்சகம், வெறுப்பு, அன்பு என்று ஐந்தே அத்தியாயங்கள். பயத்தைப் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது வாசியுங்கள்.

கேள்வி: காந்தியைச் சந்தித்தாரா?

பதில்: 1936 பிப்ரவரியில், குஜராத்தின் பர்தோலியில். கேள்விகளை அடுக்கியது பெரும்பாலும் காந்திதான்: அடிமை முறை, ஓட்டுரிமை, கும்பல் கொலைகள். அகிம்சையின் கலப்பற்ற செய்தி ஒருவேளை கறுப்பின மக்கள் வழியாகவே உலகத்துக்குப் போய்ச் சேரலாம் என்றும் அன்று சொன்னார்.

கேள்வி: அப்படியானால் மார்ட்டின் லூதர் கிங்குக்கு குரு இவர்தானா?

பதில்: குரு என்பது பெரிய வார்த்தை. 1953இல் பாஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்துக்கு இவர் பொறுப்பேற்றபோது கிங் அங்கே ஆய்வு மாணவர். குடும்பப் பழக்கமும் உண்டு. 1958இல் கிங் கத்திக்குத்துப் பட்டபோது, நேரில் போய், ஓய்வை இன்னும் நீட்டிக்கச் சொன்னார்.

கேள்வி: போராட்டக் களத்தில் இறங்காமல் தியானம், ஜெபம் என்று ஒதுங்கிவிட்டார் என்பது சரியா?

பதில்: ஊர்வலங்களை நடத்தியவர் அல்லர், சரி. ஆனால் 1944இல் ஹோவர்டில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, ஆல்ஃப்ரெட் ஃபிஸ்க் என்ற வெள்ளைக்காரப் போதகரோடு சேர்ந்து, சான்ஃபிரான்சிஸ்கோவில் எல்லா இனத்தவரும் ஒன்றாகத் தொழும் சபையை நடத்தப் போனார். தேவாலயத்தில்கூட இனம் பிரிந்து உட்கார்ந்த காலம் அது.

கேள்வி: ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அழுத கதை உண்மையா?

பதில்: அவரே எழுதியதுதான். ஜாக்சன்வில்லில் உயர்நிலைப் பள்ளியில் சேரக் கிளம்பிய பையனிடம் டிக்கெட் இருந்தது. டிரங்குப் பெட்டியை அனுப்பக் காசில்லை. படியில் உட்கார்ந்து அழுதவனைப் பார்த்து, வேலை உடுப்போடு வந்த முன்பின் தெரியாத கறுப்பர் ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். 1979இல் வந்த தன் சுயசரிதையைத் தர்மன் அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார், பெயர் தெரியாமலே.