ஃபேன்டஸி விளையாட்டுக்கு ஊர்சுற்றிப் புலவர் ஒருவரை உருவாக்குவது எப்படி?

நண்பர்களோடு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆட்டம்) ஆட சொந்தமாக ஒரு உலகம் எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி கேட்டவர் சொல்கிறார். அந்த உலகத்தை ஊர் ஊராகப் போய் எழுதிவைக்கும் அறிஞர் ஒருவர் வேண்டுமாம். அவர் சொல்வதை ஆடுபவர்கள் நம்ப வேண்டுமாம். அவரைக் குழுவோடு கூடவே அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கோத்தகிரியில் மழைக்காலச் சாயங்காலங்களில் நான் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, உட்கார்ந்து ஆட்டம் நடத்துகிறேன். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். ஐப்பசி வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மெழுகுவத்தி, டைஸ், வர்க்கி, டீ இருந்தால் ஆட்டம் ஓடிவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் காரியமாக அந்த "நம்ப வேண்டும்" என்பதைத் தூக்கிப் போடுங்கள். சொன்னதெல்லாம் சரியாக இருக்கிற அறிஞர் வாயைத் திறந்தாலே ஆட்டம் வகுப்பறை ஆகிவிடும். ஒருத்தன் போனை எடுப்பான், இன்னொருத்தன் டீ இருக்கா என்று பிளாஸ்க்கை ஆட்டிப் பார்ப்பான். நமக்கு வேண்டியது கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் தப்பாகவும் எழுதுகிற ஆள்.

இதற்கு முன்மாதிரி வோலோதாம்ப் கெடார்ம், சுருக்கமாக வோலோ. எட் கிரீன்வுட் உருவாக்கிய, டி அண்ட் டி ஆடப் பயன்படும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்துக்காரர். ஊர் ஊராகத் திரிந்து வழிகாட்டி நூல் எழுதுவதுதான் அவருக்குப் பிழைப்பு. வாட்டர்டீப் நகரத்தைப் பற்றி அவர் எழுதியதாக 1992இல் ஒரு வழிகாட்டியே அச்சில் வந்தது. எந்த விடுதியில் தங்கலாம், எங்கே கத்திக்குத்து விழும் என்பதை எல்லாம் சின்னச் சின்ன அடையாளங்கள் போட்டுச் சொல்லியிருப்பார். ரசமே அடிக்குறிப்புகளில்தான். எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மந்திரவாதி அவற்றில் குறுக்கே வந்து வோலோவைத் திருத்துவார். 2016இல் வந்த அரக்கர்கள் பற்றிய புத்தகத்திலும் இருவருக்கும் இதே சண்டைதான்.

அதே உலகத்தில் நடக்கும் பால்டர்ஸ் கேட் 3 (2023) என்ற வீடியோ கேம் ஆடியவர்களுக்கு ஆளை மறக்கவே முடியாது. காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களிடம் மாட்டிக்கொண்டு அவர்கள் புகழைப் பாடிக்கொண்டிருப்பார். காப்பாற்றிக் கூட்டி வந்தால், கதைப்படி நம் மண்டைக்குள் இருக்கும் புழுவை எடுத்துத் தருகிறேன் என்று கண் வழியாகக் குத்த வருவார். தைரியமாகத் தலையைக் கொடுத்தால் புழு வராது, கண்தான் வரும். பதிலுக்கு அவர் வைத்துவிடும் மாற்றுக் கண்ணோ, மாயமாக மறைந்திருப்பவர்களையும் காட்டிக்கொடுக்கும்! வைத்தியம் படுதோல்வி, ஆனால் ஆடுகிறவனுக்கு லாபம். வோலோவின் எழுத்தும் இதே மாதிரிதான். நம்பிப் போனால் அடி விழும், போகாமல் இருந்தால் ஆட்டமே இல்லை.

டிஎம்முக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. உலகத்தைப் பற்றிப் புத்தகத்தில் அச்சாகிவிட்ட ஒன்றை உங்கள் ஆட்டத்துக்காக மாற்ற வேண்டுமா? "அது வோலோ சொன்னது" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் 2012இல் வந்த லோர்வாக்கர் சோ இதற்கு நேர் எதிர். அன்பான பாண்டா தாத்தா, சொல்வதெல்லாம் நிதானமாக, சரியாக இருக்கும். அங்கே உலகத்தை மாற்றுவது கம்பெனி கையில் இருப்பதால் அவர் பொருந்துகிறார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதற்கு எனக்கு வோலோதான்.

எங்கள் ஆட்டத்தில் இருப்பவர் பெயர் கட்டுச்சோற்றுப் புலவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூடுபனி பிடித்த ஒரு மலைநாட்டில் சத்திரம் சத்திரமாகப் போய் எழுதுகிறார். விடுதிகளுக்கு அவர் கொடுக்கும் மதிப்பெண் கம்பளியும், ரத்தம் உறிஞ்சும் அட்டையும். கம்பளி கூடினால் வசதி. அட்டை கூடினால் ஆபத்து; சோலைக்குள் மழை நாளில் நடந்து, காலுறையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். எங்களில் ஒரு கல்லூரிப் பையன் இப்போதெல்லாம் மேப்பைப் பார்க்கும் முன்னாலேயே "அக்கா, புலவர் அங்க எத்தனை அட்டை போட்டிருக்கார்?" என்றுதான் கேட்கிறான்.

புலவர் கையில் காசு நிற்காது. சுங்கம் கட்ட வழியில்லாமல் எழுதிய ஏட்டை அடகு வைத்துவிட்டுப் போவார். சுங்கச்சாவடிப் பொன்னம்மா பொழுதுபோகாமல் அதைப் படித்து ஓரத்தில் கிறுக்குவாள். அவள்தான் எங்கள் எல்மின்ஸ்டர். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"கல்மூக்குச் சத்திரம். கம்பளி இரண்டு, அட்டை நான்கு. களி சுமார், அவரைக்காய்க் குழம்பு பரவாயில்லை. பின்பக்கச் சோலையில் உள்ள கல்வட்டம் பண்டை அரக்கர் மூட்டிய அடுப்பு. நள்ளிரவில் அது புகைவதை இரு கண்ணாலும் கண்டேன். அடியில் பொன் இருக்கக்கூடும்."

ஓரத்தில் பொன்னம்மா: "அடுப்புமில்லை, அரக்கனுமில்லை. அது சத்திரக்காரரின் பாட்டன் பூட்டனைப் புதைத்த இடம். புகை என்றது பனி. இந்த ஆள் அன்றைக்குக் கதவைத் தாழ் போட்டுத் தூங்கியவர்."

எங்கள் ஆட்கள் புலவரின் வரிகளை மட்டும் படித்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்பினார்கள். ஊர் திரண்டு வந்தது. ஓரக்குறிப்பு கைக்குக் கிடைத்தபோது அபராதமாக ஊரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்வட்டம் நான் காற்றில் பிடித்ததல்ல. நீலகிரிக் குன்றுகளின் மேல் பழைய ஈமக் கல்வட்டங்கள் நிறைய உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரீக்ஸ் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகள் அவற்றைத் தோண்டினார்கள். எடுத்த மண்பாண்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மூடிமேல் எருமையும் மனிதரும் நிற்கும் பானைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், ஒரு வருஷ ஆட்டத்துக்குக் கதை கிடைத்துவிடும்.

புலவர் எப்படித் தப்பு செய்ய வேண்டும் என்பதையும் இந்த மலைக்கு வந்து எழுதியவர்களிடமே படிக்கலாம். 1603இல் ஃபெனிசியோ என்ற யேசுசபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்தார். மேலே பழங்காலக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர் பார்த்தது எருமை வளர்க்கும் தோடர்களை. தேடியது கிடைக்காவிட்டாலும் கண்டதை எழுதினார். பின்னால் வந்த சிலர் அந்த நேர்மைகூட இல்லாமல், தோடரின் தாடியையும் போர்வையையும் பார்த்துவிட்டு ரோமர் என்றார்கள், தொலைந்துபோன இஸ்ரவேல் கோத்திரம் என்றார்கள். 1847இல் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் ஊட்டிக்கு வந்த ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் ரிச்சர்ட் பர்ட்டன் ஊரை நக்கலடித்தே பக்கம் பக்கமாக எழுதினார். மானிடவியல் அறிஞர் ரிவர்ஸ் 1901-02இல் வந்து குடும்பம் குடும்பமாக வம்சாவளியைக் கேட்டுக் குறித்தார். மொழியியல் அறிஞர் எமனோ 1930களில் தோடர் மொழியைப் படித்து அவர்கள் பாட்டுகளை எழுதிக்கொண்டார். ஒரே மலைதான். யாருக்கு என்ன வேண்டியிருந்ததோ அது அவரவர் ஏட்டில் ஏறியது.

உங்கள் புலவருக்கும் ஒரு "வேண்டியது" இருக்கட்டும். எங்கள் புலவருக்குப் படியளக்கும் ஜமீன்தார் அரக்கர் கதை என்றால் கூடக் காசு தருவார். அதனால் அரக்கன் என்று வந்தாலே புலவர் கை நீளும். பாதை, தூரம், சாப்பாட்டு விலை எல்லாம் கச்சிதமாக இருக்கும், ஏனென்றால் அதெல்லாம் அவர் வயிற்றுப்பாடு. நாலைந்து முறை அடிபட்டதும் ஆடுபவர்களுக்கு இது பிடிபட்டுவிட்டது. இப்போது ஏடு கிடைத்தால் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. நான் வாயே திறக்க வேண்டியதில்லை. கண்டபடி எல்லாவற்றையும் பொய்யாக வைத்தால் இந்த ருசி வராது, ஏட்டை மூடி வைத்துவிடுவார்கள்.

டைஸ் விஷயம். வரலாறு தெரியுமா என்று டி20 (இருபது முக டைஸ்) உருட்டித் தோற்றால் "தெரியாது" என்று சொல்லாதீர்கள். புலவர் எழுதியதைச் சொல்லுங்கள். ஜெயித்தால் ஓரக்குறிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஒரு உருட்டலை மட்டும் நீங்கள் மறைப்புக்குப் பின்னால் உருட்ட வேண்டும். 3 விழுந்ததை அவர்கள் பார்த்துவிட்டால் கதை கந்தல்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். இங்குள்ள தோடர், கோத்தர், குறும்பர் என்று நிஜ மக்களைப் பெயரோடு எடுத்து உங்கள் உலகத்தில் மந்திரக் குடிகளாகப் போடாதீர்கள். குறும்பர் செய்வினை வைப்பவர்கள் என்ற பேச்சு இந்த மலையில் வெகுகாலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தேகத்தின் பேரிலேயே குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள், உங்கள் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும். மலை, மழை, கல், அட்டை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். மக்களை நீங்களே புதிதாகப் படையுங்கள்.

கடைசியாக, கூடவே அனுப்பலாமா? வேண்டாம். கூட வந்தால் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள், அவர் குரலில் நீங்கள் மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள். அவர் எப்போதும் ஒரு ஊர் முன்னால் போய்விட்டவராக இருக்கட்டும். சத்திரத்தில் பாக்கி, சுங்கச்சாவடியில் ஏடு, எவரோ ஒருவர் வீட்டில் கோபம், இவைதான் அவர் விட்டுப்போகும் தடம். எப்போதாவது நேரில் வந்தால் கடன் கேட்க வரட்டும். எங்கள் ஆட்கள் இதுவரை இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரவில்லை, ஆனால் புது ஏட்டில் அவர்களை "நாட்டின் தலைசிறந்த ஆடு மேய்ப்பர்கள்" என்று எழுதியிருக்கிறார்.